கதையை நம்பி மண்ணைத் தோண்டிய மனிதர்

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று சங்கத்துத் தம்பிமார் கேட்டபோது, முதலில் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதை ஒவ்வொரு வருசமும் யாரோ ஒருவர் எழுதுகிறார். அதனால் இந்த முறை வேறு ஒன்று.

போன கோடை விடுமுறையில் மகளும் மருமகனும் என்னையும் கூட்டிக்கொண்டு கிரேக்க நாட்டுக்குப் போனார்கள். அங்கே மைசீனி என்ற இடத்தில், கொளுத்தும் வெய்யிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பத்து வயதுப் பேரன் ஒரு கேள்வி கேட்டான். அந்த இடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை. வீட்டுக்கு வந்து நூலகத்தில் புத்தகங்கள் எடுத்து வாசித்த பிறகுதான் ஓரளவு விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைசீனி, ஏதென்சிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியால ஓட்டம். ஒலிவ் தோட்டங்களைத் தாண்டினால் இரண்டு மொட்டை மலைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு மேடு, மேட்டைச் சுற்றி மதில். மதில் என்றால் எங்கட ஊர் மதில் இல்லை. சில கற்கள் ஒரு மாட்டு வண்டில் அளவு. இதை மனிதர் தூக்கியிருக்க முடியாது, ஒற்றைக்கண் அரக்கர்தான் கட்டினார்கள் என்று பிற்காலத்துக் கிரேக்கர் நம்பினார்களாம். வாசலுக்கு மேலே முக்கோணக் கல் ஒன்றில் இரண்டு சிங்கங்கள் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கின்றன. தலைகள் இப்போது இல்லை. வாசலைக் கடந்தவுடன் வலது கைப்பக்கம், கற்பலகைகளால் வட்டம் கட்டிய ஒரு பள்ளம்.

இந்தக் கோட்டையின் ராசா அகமெம்னன். அவனுடைய தம்பியின் மனைவி ஹெலனை ட்ரோய் நகரத்து இளவரசன் பாரிஸ் கொண்டுபோய்விட்டான். (சீதையைக் கொண்டுபோன கதை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஹெலன் விரும்பித்தான் போனாள் என்றும் ஒரு கதை இருக்குது.) அவளை மீட்கக் கிரேக்க நாட்டுக் கப்பல்கள் எல்லாம் ஒரு துறைமுகத்தில் கூடின. காற்று வீசவில்லை. தெய்வக் குற்றம் என்று குறி சொல்பவன் சொல்ல, அகமெம்னன் தன் மகள் இபிஜீனியாவைக் கலியாணம் என்று பொய் சொல்லி வரவழைத்துப் பலி கொடுத்தான். காற்று வீசியது. பத்து வருசம் சண்டை. கடைசியில் மரக்குதிரைக்குள் ஒளிந்து போய் ட்ரோயை எரித்தார்கள். வெற்றியோடு வீட்டுக்கு வந்த அகமெம்னனை, மகளைப் பறிகொடுத்த தாய் கிளைடெம்னெஸ்ட்ரா காத்திருந்து, தன் கள்ளக் காதலனோடு சேர்ந்து கொன்றாள். ட்ரோயிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்த இளவரசி கசாந்திராவும் அவனோடு செத்தாள்.

வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும், அந்த ராசாவை உண்மையாகவே இந்தப் பள்ளத்தில்தான் புதைத்தார்களா, அல்லது இது அம்மப்பா சொல்லுகிற கதைகள் மாதிரியா என்று பேரன் கேட்டான். என்னுடைய கதைகளில் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர் ஒரு ஜேர்மன்காரர். பெயர் ஹைன்றிக் ஷ்லீமான். 1822 ஜனவரி 6 ஆம் திகதி, வட ஜேர்மனியில் மெக்லன்பேர்க் நாட்டில், நொய்புக்கோ என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு பாதிரியார். பெயருக்குத்தான் பாதிரியார்; வீட்டு வேலைக்காரியோடு தொடர்பு, கோயில் காசில் கணக்குப் பிழை என்று ஊரெல்லாம் கதை. 1831 இல் தாய் இறந்தபோது ஹைன்றிக்குக்கு ஒன்பது வயது. பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

எட்டு வயதாக முன்னரே, நத்தாருக்குத் தகப்பன் தந்த சரித்திரப் புத்தகத்தில் ட்ரோய் எரியும் படத்தைப் பார்த்து, ஒருநாள் அந்த நகரத்தைத் தோண்டி எடுப்பேன் என்று அவர் சபதம் செய்தாராம். உலகம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கதை இது. சொன்னவர் ஷ்லீமான்தான், அதுவும் பணமும் புகழும் வந்த பிறகு. இளமைக் காலக் கடிதங்களில் அப்படி ஒரு சபதத்தின் அடையாளமே இல்லை என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். இதை ஞாபகம் வைத்திருங்கோ, பின்னுக்குத் தேவைப்படும்.

பதினாலு வயதில் படிப்பு நின்றது. ஒரு பலசரக்குக் கடையில் ஐந்தரை வருசம் வேலை. காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை உப்பு மீனும் பட்டரும் உருளைக்கிழங்குச் சாராயமும் விற்றார். ஒருநாள் குடித்துவிட்டு வந்த ஒரு மாவாலைத் தொழிலாளி, கிரேக்கக் கவி ஹோமரின் வரிகளைக் கிரேக்க மொழியிலேயே கடகடவென்று பாடினான். பையனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கையில் இருந்த சில்லறைக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பாடவைத்தாராம்.

பிறகு, பாரம் தூக்கி நெஞ்சில் நோவு வந்து கடை வேலை போனது. 1841 இல் தென் அமெரிக்காவுக்குப் போகிற கப்பலில் ஏறினார். டிசம்பர் மாதக் குளிரில் கப்பல் ஒல்லாந்துக் கரையில் உடைந்தது. உயிர் தப்பி அம்ஸ்ரடாம் வந்து சேர்ந்தார். காசு இல்லை, மொழி தெரியாது. ஒரு வணிகக் கந்தோரில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை கிடைத்தது. அடுப்பு இல்லாத மேல்மாடி அறை. மாரியில் நடுக்கம், கோடையில் அவிச்சல்.

இந்த இடத்தில் மனுசனுடைய கெட்டித்தனத்தைச் சொல்லத்தான் வேண்டும். இங்கே வந்த புதிதில் மொழி வகுப்பில் முழிசிக்கொண்டு இருந்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும். சம்பளத்தில் பாதியைப் படிப்புக்குச் செலவழித்தார். அவருடைய முறை லேசானது: மொழிபெயர்க்கக் கூடாது, சத்தம்போட்டு வாசிக்க வேண்டும், தினமும் ஒரு மணித்தியாலம் படிக்க வேண்டும், சொந்தமாக எழுதி ஆசிரியரிடம் திருத்துவித்து அதையே மனப்பாடம் செய்ய வேண்டும். ஆங்கில உச்சரிப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலேயர் கோயிலில் போய் இருந்து, பிரசங்கத்தை வாய்க்குள் திருப்பிச் சொல்லுவார். ஆங்கிலத்துக்கு ஆறு மாதம், பிரெஞ்சுக்கு ஆறு மாதம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ரஷ்ய மொழிக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு ஏழை யூதரைச் சம்பளத்துக்குப் பிடித்து, ஒவ்வொரு இரவும் இரண்டு மணித்தியாலம் முன்னால் இருத்தி, தான் மனப்பாடம் செய்த ரஷ்யப் பாடத்தை ஒப்புவித்தார். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்காது. சத்தம் தாங்காமல் அயல் அறைக்காரர் முறையிட, இரண்டு தரம் வீடு மாற வேண்டி வந்ததாம். யாருக்காவது ஒப்புவித்தால்தான் மொழி வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த ரஷ்ய மொழிதான் அவரைப் பணக்காரர் ஆக்கியது. 1846 இல் முதலாளிமார் அவரைத் தங்கள் பிரதிநிதியாக ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்குக்கு அனுப்பினார்கள். நீலச் சாயம் விற்றார். 1851 இல் கலிபோர்னியாவில், தங்கம் தோண்டுபவர்களிடம் தங்கத்தூள் வாங்கி விற்றார். 1853 இல் தொடங்கிய கிரைமியப் போரில் வெடிமருந்துக்கான உப்பும் ஈயமும் விற்றுப் பெரும் காசு பார்த்தார். மற்றவர்களின் சண்டையில் காசு பார்த்தவர் என்று எங்கட ஆட்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரஷ்யாவில் ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள். அந்தக் குடும்ப வாழ்க்கை இனிக்கவில்லை.

நாற்பது வயது தாண்டியதும் வியாபாரத்தை மூடிவிட்டு, 1864 இல் உலகம் சுற்றப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் இலங்கைக்கும் போயிருக்கிறார். அங்கிருந்து சென்னை, கல்கத்தா, பிறகு சீனா, யப்பான். இலங்கை என்ற பெயரை அவருடைய வரலாற்றில் கண்டபோது எனக்கு ஒரு சந்தோசம், உள்ளதைச் சொல்லுகிறேன்.

1868 இல் ஹோமரின் காவியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிரேக்க நாட்டுக்கு வந்தார். அந்தக் காலத்து அறிஞர்களில் பலர் ட்ரோய் ஒரு கற்பனை என்றார்கள். இவர் அப்படி இல்லை. ஒடிசியஸ் ராசாவின் இதாக்கா தீவில் சாம்பல் நிறைந்த சில தாழிகள் கிடைத்தவுடன், இது ஒடிசியசும் அவன் மனைவி பெனலோப்பியுமாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார். பிறகு கடலைத் தாண்டித் துருக்கிக் கரைக்குப் போனார். ட்ரோய் இருந்ததாகப் பலரும் காட்டிய ஒரு குன்று, கடலிலிருந்து நெடுந்தூரத்தில் இருந்தது. கிரேக்க வீரர் ஒரே நாளில் பலமுறை கப்பலுக்கும் நகருக்கும் போய்வந்ததாகக் காவியம் சொல்லுகிறதே, அது எப்படி? அக்கிலீஸ் ஹெக்டரைத் துரத்திக்கொண்டு நகரை மூன்று முறை சுற்றி ஓடினானே, இந்தச் செங்குத்தில் யார் ஓடுவது? தானே அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்து, இது இல்லை என்று முடிவு கட்டினார். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் முடிவு சரி.

சரியான இடத்தைக் காட்டியவர் வேறொருவர். பெயர் ஃபிராங் கல்வேர்ட். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த ஆங்கிலேயர். ஹிசார்லிக் என்ற மேட்டில் ஒரு பகுதி அவருடைய சொந்தக் காணி. ட்ரோய் இதற்குள்தான் கிடக்கிறது என்று நம்பி, ஷ்லீமான் வருவதற்கு முன்னரே அதில் சிறிது தோண்டியும் பார்த்தார். மேலும் தோண்டக் காசு இல்லை. இலண்டனில் உதவி கேட்டும் கிடைக்கவில்லை. 1868 இல் கப்பலைத் தவறவிட்டு நின்ற ஷ்லீமானிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷ்லீமான் பிறகு எழுதிய புத்தகத்தில் அந்த இடம் தனக்கே பட்டது மாதிரி எழுதினார். கல்வேர்ட்டின் பெயர் நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது.

1869 இல் அமெரிக்கா போய் ரஷ்ய மனைவியை விவாகரத்துச் செய்தார். ஏதென்சில் தெரிந்த ஒரு மதகுருவுக்கு எழுதி, தனக்கு ஒரு கிரேக்கப் பெண் பார்க்கச் சொன்னார். ஹோமரை நேசிக்கிற பெண்ணாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போட்டோக்கள் வந்தன. (பேச்சுக்கால் கலியாணம் எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிற பிள்ளையள் இதைக் கவனிக்கவும்.) பெண் சோபியாவுக்கு 17 வயது, மாப்பிள்ளைக்கு 47. பிறந்த பிள்ளைகளுக்கு அந்திரோமக்கி, அகமெம்னன் என்று பெயர் வைத்தார். வேலைக்காரருக்கும் புராணப் பெயர்தான்.

ஹிசார்லிக்கில் 1870 இல் அனுமதி இல்லாமலே ஒரு தோண்டல். 1871 இலிருந்து துருக்கி அரசின் அனுமதியோடு. நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்கள். ஹோமரின் ட்ரோய் மிகப் பழையது, ஆகவே அது அடியில்தான் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. மேட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஒரு பிரமாண்டமான அகழியை வெட்டினார். வழியில் குறுக்கிட்ட சுவர்களை இடித்துத் தள்ளினார். அந்த மேடு ஒரு நகரம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள். மூவாயிரம் வருசத்துக்கு மேலாக மனிதர்கள் இடிபாட்டின் மேலேயே திரும்பத் திரும்ப வீடு கட்டியிருக்கிறார்கள். அடியிலிருந்து இரண்டாவது நகரில் எரிந்த சாம்பலைக் கண்டவுடன், இதுதான் ட்ரோய் என்று அறிவித்தார். கணக்கில் எங்கேயோ ஆயிரம் வருசம் இடிக்கிறது என்று 1873 இலேயே கல்வேர்ட் பத்திரிகையில் எழுதினார். ஷ்லீமானுக்குக் கோபம் வந்தது. இருவருக்கும் பகை.

அந்த வருசம் மே மாதக் கடைசியில் புதையல் அகப்பட்டது. பொன் கிண்ணங்கள், வெள்ளிச் சாடிகள், காதணிகள், இரண்டு நெற்றி அணிகள். அவற்றில் ஒன்று 16,000க்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பொன் துண்டுகளைக் கோர்த்துச் செய்தது. ட்ரோய் ராசா பிரியாமின் பொக்கிசம் என்று பெயர் வைத்தார். கூலியாட்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே கத்தியால் தோண்டி எடுத்ததாகவும், சோபியா தன் சால்வையில் சுற்றிக் கொண்டுபோனதாகவும் எழுதினார். ஐரோப்பா முழுவதும் அதை வாசித்து வாய் பிளந்தது. ஆனால் சோபியா அன்றைக்கு அங்கே இல்லை. தகப்பனின் சாவீட்டுக்காக ஏதென்சுக்குப் போயிருந்தார். பிறகு ஒரு கடிதத்தில் ஷ்லீமானே இதை ஒப்புக்கொண்டார். சபதக் கதையை ஞாபகம் வைத்திருங்கோ என்று சொன்னது இதற்குத்தான். மனுசன் உண்மையான பொன்னைக் கண்டெடுத்தார், அதற்கும் ஒரு பொய்ச் சால்வை போர்த்தாமல் அவரால் இருக்க முடியவில்லை.

கிடைப்பதில் பாதி துருக்கி அரசுக்குச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் எல்லாவற்றையும் இரகசியமாக ஏதென்சுக்குக் கடத்திவிட்டார். துருக்கி வழக்குப் போட்டது. கடைசியில் 50,000 பிராங் கொடுத்து 1875 இல் சமாதானம் செய்தார். அதன் பிறகு அந்தப் பொன்னுக்கும் நிலையான இடம் இல்லை. ஏதென்ஸ், இலண்டன், 1881 இல் பேர்லின். 1945 இல் சோவியத் படை பேர்லினைப் பிடித்தபோது காணாமல் போனது. ஏறக்குறைய ஐம்பது வருசம் யாரும் வாய் திறக்கவில்லை. 1996 இல் மொஸ்கோவின் புஷ்கின் அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். எடுத்த மண் துருக்கியில், எடுத்தவர் ஜேர்மன்காரர், பொருள் ரஷ்யாவில்.

இனி மைசீனிப் பள்ளத்துக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பவுசானியஸ் என்ற பயணி ஊர் ஊராகப் போய், கோயில்களையும் அவற்றின் கதைகளையும் எழுதி வைத்தார். அகமெம்னனும் அவனோடு கொல்லப்பட்டவர்களும் மதிலுக்கு உள்ளே புதைக்கப்பட்டார்கள், கொன்ற கிளைடெம்னெஸ்ட்ராவும் அவள் காதலனும் அருகதை இல்லாதபடியால் வெளியே புதைக்கப்பட்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார். எந்த மதில் என்பதுதான் கேள்வி. வெளி மதில் என்றார்கள் அறிஞர்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற இந்தக் கோட்டை மதில்தான் என்றார் ஷ்லீமான்.

1876 ஓகஸ்ட் மாதம் சிங்க வாசலுக்கு உள்ளே தோண்டத் தொடங்கினார். இந்த முறை கிரேக்க அரசு உசாராக இருந்தது. ஸ்ரமாத்தாக்கிஸ் என்ற மேற்பார்வையாளரைப் பக்கத்திலேயே நிறுத்தியது. பிற்காலத்துச் சுவர்களை இடிக்காதே என்று அவர் தடுக்க, இவர் கத்த, ஒவ்வொரு நாளும் சண்டை. ஆனால் நிலத்துக்குக் கீழே ஐந்து குழிக் கல்லறைகள் வெளிவந்தன. ஆறாவதை அடுத்த வருசம் அந்த மேற்பார்வையாளரே கண்டுபிடித்தார். ஆறிலுமாகப் பத்தொன்பது பேர். ஆண்களின் முகத்தில் பொன் முகமூடிகள். இரண்டு குழந்தைகளைப் பொன் தகட்டால் மூடியிருந்தார்கள். பொன் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல்.

அகமெம்னனின் கல்லறையைக் கண்டுவிட்டேன் என்று கிரேக்க ராசாவுக்குத் தந்தி அடித்தார். ராசாவின் முகத்தை நேரே பார்த்ததாகத் தந்தி அடித்தார் என்று பல புத்தகங்களில் வருகிறது. அடித்த தந்தியில் அப்படி ஒரு வரி இல்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதையும் அவர் சொன்ன கதை போலவே வளர்ந்துவிட்டது.

அந்தக் கல்லறைகள் கி.மு. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ட்ரோய்ப் போர் நடந்திருந்தால் அது கி.மு. 1200ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே முகமூடிக்குக் கீழே இருந்தவர் அகமெம்னனுக்கு முந்நூறு வருசம் முந்தியவர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மைசீனி பொன் நிறைந்த ஊர் என்று ஹோமர் பாடியிருந்தார். ஆடு மேய்கிற ஒரு வரண்ட மேட்டைப் பார்த்து அதை யார் நம்புவார்கள்? ஒருவர் நம்பினார். கிரேக்க வரலாற்றுக்குப் பின்னால் ஆயிரம் வருசம் அதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

பிறகு ஏதென்சில் ஒரு மாளிகை கட்டினார். அது இன்று பழைய நாணயங்களின் அரும்பொருளகம். திரின்ஸ் என்ற கோட்டையைத் தோண்டினார், ஹெராக்ளீசோடு தொடர்புபட்ட இடம் அது. கிரேத்தா தீவில், மாட்டுத் தலை அரக்கனின் கதை நடந்த இடத்தையும் விலை பேசினார். காணிக்காரர் சொன்ன ஒலிவ் மரக் கணக்கு பிழை என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லகாலம் என்றும் சொல்லலாம்.

1890 இல், கட்டடக் கலைஞரான டேர்ப்ஃபெல்ட் என்பவரோடு மறுபடி ஹிசார்லிக்குக்குப் போனார். டேர்ப்ஃபெல்ட் நிதானக்காரர், மண்ணின் அடுக்குகளைப் பார்க்கத் தெரிந்தவர். தாங்கள் ட்ரோய் என்று சொன்ன நகரத்துக்கு எவ்வளவோ மேலே, ஆறாவது நகரில், மைசீனியில் கிடைத்த அதே வகை மட்பாண்டங்கள் கிடைத்தன. அப்படியென்றால் மைசீனி ராசாக்களின் காலத்து ட்ரோய் அந்த மேல் அடுக்குத்தான். அடியில் இருந்தது அதற்கு ஆயிரம் வருசம் முந்தியது. பொக்கிசம் பிரியாமுடையது இல்லை. இருபது வருசத்துக்கு முன்னர் அகழி வெட்டியபோது, குப்பை என்று அள்ளி எறிந்த மண்ணில் அவர் தேடிவந்த காலமும் கலந்து போயிருந்தது. முழுப் பழியும் அவருடையது இல்லை. பழைய காலத்திலேயே கோயில் கட்டுவதற்காக மேட்டின் உச்சியைச் சீவிவிட்டார்கள். என்றாலும் அந்த அறுபத்தெட்டு வயது மனிதர் அந்த ஓட்டுத் துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்த வருசம் திரும்பவும் தோண்டி ஒழுங்காகப் பார்க்க நினைத்தார். கிடைக்கவில்லை. நவம்பரில் ஜேர்மனியில் காதில் சத்திரசிகிச்சை. மாறமுன்னரே, நத்தாருக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்று புறப்பட்டார். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில், நத்தார் அன்று தெருவில் விழுந்தார். பேச்சு வரவில்லை. கையில் பத்திரம் இல்லாத, யாரென்று தெரியாத ஒருவரை ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்தது. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை மொழி தெரிந்த மனிதருக்குத் தன் பெயரை ஒரு மொழியிலும் சொல்ல முடியவில்லை. சட்டைப் பைக்குள் வைத்தியர் ஒருவரின் விலாசம் இருந்ததால்தான் ஆள் யாரென்று கண்டார்கள். மறுநாள், 1890 டிசம்பர் 26, உயிர் போனது. உடலை ஏதென்சுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய கல்லறை கிரேக்கக் கோயில் வடிவில் இன்றும் இருக்கிறது. சோபியா 1932 வரை வாழ்ந்தார். 1893 இல் டேர்ப்ஃபெல்ட் ஆறாவது நகரின் மதிலைத் தோண்டத் தொடங்கியபோது காசு கொடுத்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். பள்ளத்தில் இருந்தது அகமெம்னன் இல்லை, வேறொரு ராசா, அவனுக்கும் முந்தியவன் என்றேன். அப்படியென்றால் அவனுடைய பெயர் என்ன என்று கேட்டான். அந்தக் கல்லறைகளில் பெயர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

வாற வருசம் துருக்கிக்குப் போவம் என்று மகள் சொல்லுகிறாள். ட்ரோய் வாசலில் உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டிவைத்த மரக்குதிரைக்குள் ஏற வேண்டும் என்று பேரன் நிற்கிறான். எனக்குக் குதிரையை விட அந்த அகழியைத்தான் பார்க்க வேண்டும்.